விளிம்பில் ஒரு முங்கு

எதிராளி உங்களை அடித்து மேடைக்கு வெளியே தள்ளிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஒன்றும் இல்லை, வெறும் அந்தரம். அப்போது கட்டைவிரல் தன்னாலே போய்க் குதிக்கிற பொத்தானை அமுக்கும். பயந்தவன் எல்லோரும் செய்வது அதுதான். நானும் ஒரு வருடம் அதையே செய்து செத்துக்கொண்டிருந்தேன். அந்தரத்தில் உங்களுக்கு இருப்பது ஒரே ஒரு குதி. அதை முதலிலேயே செலவழித்துவிட்டால், எதிராளி விளிம்பில் வந்து நின்று, நீங்கள் எங்கே வருகிறீர்கள் என்று நிதானமாகப் பார்த்து, இன்னொரு தட்டு தட்டிவிடுவான். அதனால் குதியைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். விழ வேண்டும். இன்னும் கொஞ்சம் விழ வேண்டும். "போச்சு, ஆளு காலி" என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் சொல்லும் வரைக்கும் விழுந்துவிட்டு, அதற்கப்புறம் குதிக்க வேண்டும்.

ஆமாம், வீடியோ கேம் பற்றித்தான் பேசுகிறேன். முப்பத்தைந்து தாண்டிய ஆள், கடலூர் ஓல்டு டவுனில் டைல்ஸ் கடை மேனேஜர், இதையெல்லாம் உட்கார்ந்து எழுத வேண்டுமா என்று என் மனைவி கேட்கிறாள். எழுதத்தான் வேண்டும். இந்த ஆட்டத்தில் ஒரு ஆளிடம் நான் ஒரு தப்பு செய்தேன். அதைச் சரிசெய்யப் பதினான்கு வருடம் ஆயிற்று. அதைச் சொல்ல வேண்டுமானால் ஆட்டத்தையும் சொல்லியாக வேண்டும், வேறு வழியில்லை.

மற்ற சண்டை ஆட்டங்களில் அடி வாங்க வாங்க உயிர்க்கோடு குறையும், தீர்ந்தால் ஆள் காலி. இதில் அப்படி இல்லை. ஒரு மேடை, இரண்டு பேர், ஆளுக்கு மூன்று லைஃப். அடி விழ விழ உங்கள் பெயருக்குக் கீழே ஒரு எண் ஏறிக்கொண்டே போகும். எண் ஏற ஏற உடம்பு இலேசாகிவிடும். ஆரம்பத்தில் ஒரு அடிக்கு அரை அடி தள்ளிப் போகிறவன், எண் நூறைத் தாண்டினால் அதே அடிக்குத் திரைக்கு வெளியே பறந்துவிடுவான். பறந்து போனால் ஒரு லைஃப் காலி. திரும்பி வந்து மேடையைத் தொட்டுவிட்டால் உயிரோடு இருக்கிறான். எண் எவ்வளவு ஏறியிருந்தாலும் பரவாயில்லை. இருநூறு வாங்கியவனும் தொங்கிக்கொண்டே இருந்து ஜெயிக்கலாம். அடிப்பதைவிடத் திரும்பி வருவதுதான் இதில் பெரிய வித்தை.

நான் இதைக் கற்றது சிதம்பரத்தில், வடக்கு வீதிக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில். ஒரு அண்ணன் கேம் கடை வைத்திருந்தார். ஒரு பழைய டிவி, ஒரு கேம் பெட்டி, இரண்டு கன்ட்ரோலர், நாலு பிளாஸ்டிக் நாற்காலி. வருடத்தில் இரண்டு நாள், தேர் ஓடுகிற அன்றைக்கு மட்டும்தான் மூடியிருக்கும். கல்லூரி விட்டதும் நானும் என் கூட்டாளியும் நேராக அங்கே போய்விடுவோம். அவன் லால்பேட்டைக்காரன். தினமும் காட்டுமன்னார்கோயில் பஸ் பிடித்துச் சிதம்பரம் வந்து படித்தவன். முதல் நாள் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தான், அன்றைக்கே மச்சான் ஆகிவிட்டான்.

எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. இதை நானே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் மனைவி சொல்லிவிடுவாள். அவனுக்குக் கோபமே வராது. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாப் பொத்தானையும் ஒரேயடியாக அமுக்குவேன். அவன் தேவையில்லாமல் ஒரு பொத்தானைத் தொட மாட்டான். மூன்று மாதம் கழித்துத்தான் அவன் என்ன செய்கிறான் என்று புரிந்தது. நான் கேடயம் பிடித்தால் வந்து பிடித்துத் தூக்கிப் போடுவான். பிடிக்க வந்தால் அடிப்பான். அடிக்கப் போனால் கேடயம் பிடிப்பான். நான் அடுத்து என்ன செய்வேன் என்பது எனக்குத் தெரிவதற்கு முன்னால் அவனுக்குத் தெரியும்.

"எப்புட்றா தெரியுது?" என்று கேட்டேன்.

"நீ இன்னா பண்ணுவன்னு நான் பாக்குறதில்ல மச்சான். போன தடவ இன்னா பண்ணன்னுதான் பாக்குறேன். நீ அதையேதான் திரும்பப் பண்ற."

இந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் உண்மை. விளிம்பைப் பிடித்துத் தொங்குகிறவன் மேலே வர நாலு வழி இருக்கிறது. அப்படியே ஏறலாம், உருண்டு வரலாம், எம்பி வரலாம், ஏறும்போதே உதைக்கலாம். நாலு வழி இருந்தும் மனுஷன் ஒரு வழியைத்தான் திரும்பத் திரும்பப் பிடிக்கிறான். நான் உருளுவேன். ஒவ்வொரு தடவையும் உருண்டு போய் அவன் காலடியில் எழுந்து நிற்பேன். அவன் சிரிக்கக்கூட மாட்டான், அடித்துத் தள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பான்.

அப்படி ஒரு நாள் தொடர்ந்து ஆறு ஆட்டம் தோற்றேன். ஆறாவது ஆட்டம் முடிந்ததும் கையிலிருந்த கன்ட்ரோலரைத் தரையில் ஓங்கி அடித்தேன். அண்ணன் எடுத்துப் பார்த்தார், எல்லாம் வேலை செய்தது, குதிக்கிற பொத்தான் மட்டும் செத்துவிட்டது. உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மறுத்தது. என் கூட்டாளி குனிந்து அதை ஊதிப் பார்த்தான், பல்லால்கூட இழுத்துப் பார்த்தான்.

"புதுசெல்லாம் வாங்க முடியாது. இத்த வெச்சிக்கினு ஆடறவன் ஆடு, இல்லன்னா கெளம்பு" என்றார் அண்ணன்.

அவர் பேச்சுக்கு அப்பீல் கிடையாது. அதனால் கடையில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. கன்ட்ரோலரை ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றிக்கொள்வோம். நல்லது யார் கையில் இருக்கிறதோ அவன் ஆட்டம் ஆரம்பித்ததும் நேராக விளிம்புக்குப் போய்த் தானாகக் கீழே குதித்து ஒரு லைஃபை விட்டுவிட வேண்டும். கெட்டது கையில் இருப்பவன் அதுவரைக்கும் அசையாமல் நிற்பான். மூன்றுக்கு இரண்டு, அப்போதுதான் நியாயம். இந்த யோசனையும் என் கூட்டாளியுடையதுதான். முதல் தடவை நான் முறைத்துக்கொண்டு நின்றபோது சொன்னான்: "ஏன் மச்சான் மொறைக்கிற, வீராணத்து வாய்க்கால்ல ஒரு முங்கு போட்டுட்டு வர்ற மாதிரி போய்ட்டு வா." அதிலிருந்து அதற்கு முங்கு என்றே பெயர் வந்துவிட்டது. "முங்கிட்டியா?" "முங்கிட்டேன், வா." கடைக்கு வந்த பத்துப் பன்னிரண்டு பையன்களும் அப்படித்தான் ஆடினோம். எழுதி வைத்த சட்டம் கிடையாது. ஆனால் முங்காமல் அடித்தவன் என்று ஒருத்தன்கூட அந்தக் கடையில் இல்லை.

செத்த பொத்தானால் இன்னொன்றும் நடந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கு வரைக்கும் ஆச்சரியம். அந்த ஆட்டத்தில் செட்டிங்கை மாற்றினால், கன்ட்ரோலரில் இருக்கும் குச்சியை மேலே தள்ளியும் ஆளைக் குதிக்க வைக்கலாம்; கெட்ட கன்ட்ரோலருக்கு அப்படி வைத்துக்கொண்டோம். அதனால் பொத்தான் செத்தாலும் குதிப்பதற்குக் குறைவில்லை. ஆனால் தலைக்கு மேலே வருகிறவனை அடிக்கவும் குச்சியை மேலேதான் தள்ள வேண்டும். அடிக்கலாம் என்று தள்ளினால் ஆள் எம்பிவிடுவான், அடி காற்றில் போகும். இதற்கும் அவன்தான் ஒரு வழி கண்டுபிடித்தான். குச்சியை முதலில் துளி கீழே இறக்கி, பக்கவாட்டில் வழித்துக்கொண்டு மேலே ஏற்ற வேண்டும். அப்படிச் செய்தால் எம்பாது, அடி மட்டும் விழும். திரையில் பார்த்தால் ஆள் அடிப்பதற்கு முன்னால் ஒரு கணம் தலையைத் தாழ்த்தி எழுவது போலத் தெரியும், பெரியவரைப் பார்த்ததும் தலையாட்டுகிற மாதிரி.

இது நிஜமாகவே உதவியதா, நாங்களாக நம்பிக்கொண்டோமா, தெரியாது. ஆனால் கடையில் எல்லோருக்கும் அது ஒட்டிக்கொண்டது. நல்ல கன்ட்ரோலர் கையில் இருக்கும்போதும் தலை தாழ்ந்தது. கைக்கு எந்தக் கன்ட்ரோலர் என்று தெரிந்தால்தானே? வெளியூர்ப் பையன் ஒருத்தன் வந்து பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, ஒங்க ஊர்ல அடிக்கிறதுக்கு முன்னாடி வணக்கம் வெப்பீங்களா?" என்று கேட்டான். கடையே சிரித்தது.

இனி தப்புக்கு வருகிறேன்.

மூன்றாம் வருடம் கடலூரில் ஒரு கல்லூரி விழாவில் இந்த ஆட்டத்துக்குப் போட்டி வைத்தார்கள். பெட்டியும் கன்ட்ரோலரும் எங்கள் அண்ணன் கொடுத்தனுப்பியதுதான், இரண்டே இரண்டு. பதினாறு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். அதில் பாதிப்பேருக்கு அந்தரத்தில் முதலிலேயே குதிக்கக் கூடாது என்பதுகூடத் தெரியாது. மதியத்துக்குள் இறுதி ஆட்டத்தில் நானும் அவனும் மட்டும் நின்றோம். பரிசு ஒரு புது கன்ட்ரோலர், பெட்டி பிரிக்காதது, மேசை மேல் வைத்திருந்தார்கள்.

கன்ட்ரோலருக்கு டாஸ் போட்டார்கள். நல்லது எனக்கு வந்தது.

அரங்கம் நிறைய ஆட்கள். முன்வரிசையில் என் கடலூர்ச் சித்தப்பா பையன்கள் விசிலடித்துக்கொண்டிருந்தார்கள். மைக்கில் ஒருத்தன் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணினான். ஆட்டம் ஆரம்பமாயிற்று. அவனுடைய ஆள், ஒல்லியான ஒரு வாள்காரி, மேடையின் அந்தப் பக்கம் அசையாமல் நின்றாள். என் ஆள் ஒரு குண்டன், இந்தப் பக்கம் நின்றான்.

அவன் எதற்கு நிற்கிறான் என்று எனக்குத் தெரியும். அந்த அரங்கத்தில் வேறு யாருக்கும் தெரியாது. ஒரு மூன்று நொடி இருக்கும். இப்போது விளிம்புக்குப் போய்க் குதித்தால் இத்தனை பேரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். மூன்றுக்கு மூன்று ஆடினாலே அவன்தான் ஜெயிப்பான், இரண்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று நினைத்தேன். மேசை மேல் இருந்த பரிசுப் பெட்டியைப் பார்த்தேன். பிறகு குண்டனை நடத்திக்கொண்டு போய், நின்றுகொண்டிருந்த வாள்காரியை அடித்தேன்.

முதல் லைஃப் போகும் வரைக்கும் அவன் கையை அசைக்கவே இல்லை. அப்புறம் ஆடினான். நன்றாகவே ஆடினான், என்னைக் கடைசி லைஃபில் நூற்றி நாற்பது வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தினான். ஆனாலும் ஜெயித்தது நான்தான். மைக் பிடித்திருந்தவன் என் பெயரைக் கத்தினான். சித்தப்பா பையன்கள் தோளில் தூக்கினார்கள். அவன் எழுந்து வந்து கை கொடுத்தான்.

சாயங்காலம் இரண்டு பேரும் சிதம்பரம் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். பரிசுப் பெட்டி என் மடியில் இருந்தது. பஸ் ஆலப்பாக்கம் தாண்டியது. அப்புறம் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டான்.

"மறந்துட்டியா மச்சான்?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சண்டை போட்டு முடிந்திருக்கும். அவன் நிஜமாகத் தெரிந்துகொள்ளக் கேட்டான்.

"ஆமாண்டா, அந்தக் கூட்டத்துல மறந்தே போச்சி" என்றேன்.

"சரி வுடு" என்றான்.

அவ்வளவுதான். முங்காதது ஒரு தப்பு, அதைக்கூட விளையாட்டு என்று விட்டுவிடலாம். இந்தப் பொய்யை எதில் சேர்ப்பது? அந்தப் பஸ்ஸிலேயே திரும்பி, "இல்லடா, வேணும்னுதான் பண்ணேன்" என்று சொல்லியிருந்தால் போதும். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்ல நேரம் இருந்தது. வாய் வரவில்லை. அடுத்த மாதம் பரீட்சை, அதற்கடுத்த மாதம் அவன் மாமா எடுத்துக்கொடுத்த விசாவில் வளைகுடாவுக்குப் போய்விட்டான். நம்பர் மாறிவிட்டது. அவன் கல்யாணத்துக்கு லால்பேட்டையிலிருந்து பத்திரிகை வந்தது. நான் அன்றைக்கு வயிற்றுவலி என்று போகவில்லை, அதுவும் பொய்தான். பரிசுக் கன்ட்ரோலரை நான் கடைசி வரை பிரிக்கவே இல்லை. கேம் கடை மூடிய பிறகு யாரோ கேட்டார்கள், கொடுத்துவிட்டேன்.

போன வருடம் அதே ஆட்டத்தின் புதுப் பதிப்பை வாங்கினேன். பெண்ணுக்கு என்று சொல்லித்தான் வாங்கினேன். அவளுக்கு ஆறு வயது, இரண்டு நாள் ஆடிவிட்டு விட்டுவிட்டாள். என் கடை முதலாளி தொழுகைக்காரர் என்பதால் எங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. பெண் பள்ளிக்கூடம் போனபின் நான் உட்காருவேன். இப்போது எல்லாம் ஆன்லைன். பக்கத்து நாட்டுக்காரன், வளைகுடாவில் இருப்பவன் எல்லோரும் ஒரு அறை மாதிரி ஒன்றில் வந்து நிற்பார்கள், வேண்டியவனோடு ஆடலாம். முகம் தெரியாது, குரல் கிடையாது.

ஒரு வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு ஒருத்தன் எதிரே வந்தான். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண்கள். ஆடியது புதிதாகச் சேர்த்த ஒரு கழுகு மூஞ்சிக்காரனை. நன்றாக ஆடினான், என்னை இரண்டு நிமிடத்தில் துடைத்துப் போட்டான். எனக்குச் சுள்ளென்று ஏறியது, மறுபடி ஆடினேன். மூன்றாவது ஆட்டத்தில் நான் மேலேயிருந்து அவன் தலையில் இறங்கப் போனேன். கழுகு மூஞ்சிக்காரன் ஒரு கணம் தலையைத் தாழ்த்தினான், எழுந்து அடித்தான்.

நான் பறந்து போய்ச் செத்தேன். கையிலிருந்த கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டேன்.

உலகத்தில் எத்தனையோ பேர் இந்த ஆட்டத்தை ஆடுகிறார்கள். குச்சியை வழித்து மேலே ஏற்றும் பழக்கம் வேறு எவனுக்கும் இருக்கக் கூடாதா என்ன? இருக்கலாம். ஆனால் அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் ஜெராக்ஸ் மெஷின் சூட்டு வாசனைகூட மூக்கில் வந்துவிட்டது. வடக்கு வீதிக் கடையில் கற்றவன் இவன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தக் கடையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். அதில் எவன்?

அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை இல்லை என்று மனைவி சொல்வாள். வாராவாரம் அந்த எண்காரன் எந்த அறையில் இருக்கிறான் என்று தேடிப் போய் நின்றேன். ஜெயிப்பதற்கு ஆடவில்லை, சோதித்துப் பார்க்க ஆடினேன். அவனை விளிம்புக்கு வெளியே தள்ளிவிட்டு என்ன செய்கிறான் என்று பார்த்தேன். விழுந்தான், விழுந்தான், கடைசியில் குதித்தான். சரி, அது நல்லா ஆடுகிற எவனும் செய்வது. அடி வாங்கிப் பறக்கும்போது குச்சியை மேடைப் பக்கம் இழுத்துப் பிடித்துப் பாதையை வளைத்தான். அதையும் இப்போது வீடியோ பார்த்து எல்லோரும் கற்றுக்கொள்கிறார்கள். விளிம்பில் தொங்கும்போது ஒரு தடவை கையை விட்டு மறுபடி பிடித்தான். இது என் கூட்டாளி பழக்கம். ஆனால் அவனைப் பார்த்துக் கடையில் இரண்டு பேர் அதைக் கற்றிருந்தார்கள்.

இன்னொன்றையும் கவனித்தேன். பன்னிரண்டரை மணி ஆனால் ஆள் போய்விடுவான், ஜெயித்துக்கொண்டிருந்தாலும் சரி. நம்முடைய பன்னிரண்டரை என்றால் வளைகுடாவில் பதினொன்று. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு எழுந்து குளித்துவிட்டு ஒரு ஆள் எங்கே கிளம்புவான்? ஜும்மா தொழுகைக்குத்தான். எங்கள் முதலாளியும் அப்படித்தான் நேரம் பார்த்துக் கிளம்புவார். கல்லூரி நாளிலேயே என் கூட்டாளி ஜும்மாவை விட்டதில்லை.

எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன். பதினான்கு வருடத்தில் முதல் தடவையாகப் பஸ்ஸில் சொன்ன பொய்யையும் சேர்த்துச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"லால்பேட்ட இன்னா அமெரிக்காவுலயா கீது? ஒரு பஸ்ஸு புடிச்சிப் போயி அவுங்க வூட்ல நம்பரு வாங்கிக்கினு வர்றதுக்கு இத்தினி வாரம் துப்பறியணுமா?"

"போய் இன்னான்னு சொல்றது?"

"அதான. ஒங்களுக்கு அவரு யாருன்னு தெரியறது பிரச்சன இல்ல. தெரிஞ்சாப் பேசணுமேன்னு பிரச்சன."

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரியாக இருந்ததால் வந்த கோபம். எழுந்து போகப் பார்த்தேன்.

"இன்னொண்ணு" என்றாள். "அவரு தலைய ஆட்டறாரு, தலைய ஆட்டறாருன்றீங்களே. ஒங்க குண்டனும்தான் ஆட்டறான். நானும் வாராவாரம் பாக்குறேன்."

"நான் அத எப்பவோ வுட்டுட்டேன்" என்றேன். அவள் கீரையைக் கழுவப் போய்விட்டாள்.

எட்டாவது வெள்ளிக்கிழமை. அந்தக் கேம் பெட்டியில் ஒருத்தருக்கொருத்தர் எழுதி அனுப்பவும் வசதி இருக்கிறது. அன்று காலையில் மூன்று தடவை எழுத ஆரம்பித்தேன், மூன்று தடவையும் அழித்தேன். வேறு எவனாவது இருந்தால் பைத்தியக்காரன் என்று நினைப்பான். அவனாகவே இருந்தால் என்ன எழுதுவது? அன்றைக்கு எண்காரன் பதினொன்றே முக்காலுக்குத்தான் வந்தான். நாலு ஆட்டம் ஆடினோம், நாலும் தோற்றேன். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. ஐந்தாவது ஆட்டம் மூன்று, இரண்டு, ஒன்று என்று ஆரம்பித்தபோது எனக்கு அந்தக் கடலூர் அரங்கம் ஞாபகம் வந்தது. குண்டனைத் திருப்பினேன். எதிராளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விளிம்பு வரைக்கும் நடந்தேன். கீழே குதித்தேன். அந்தரத்தில் கட்டைவிரல் குதிக்கிற பொத்தானைத் தேடிப் போனது. விரலைத் தூக்கி வைத்துக்கொண்டேன். குண்டன் திரைக்குக் கீழே போய்ச் செத்தான்.

மறு லைஃபில் மேலேயிருந்து இறங்கி வரும்போது பார்த்தேன். கழுகு மூஞ்சிக்காரன் ஆட்டம் ஆரம்பித்தபோது நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான், ஒரு எட்டுக்கூட நகரவில்லை. நான் காலை ஊன்றினேன். அதற்கப்புறம்தான் வந்தான், வந்து ஈவிரக்கம் இல்லாமல் அடித்தான். தோற்றேன்.

யார் வேண்டுமானாலும் அப்படி நின்றிருக்கலாம் என்று மனசு சொல்லியது. எதிராளி தெரியாமல் விழுந்துவிட்டான், பாவம், வரட்டும் என்று நிற்கிற நல்லவர்களும் இருக்கிறார்கள். அடுத்த ஆட்டம் வேண்டுமா என்று பெட்டி கேட்டது. வேண்டும் என்று அமுக்கினேன். அந்தப் பக்கமும் வேண்டும் என்று வந்தது.

ஆட்டம் ஆரம்பித்ததும் கழுகு மூஞ்சிக்காரன் திரும்பினான். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பக்க விளிம்புக்கு நடந்தான். குதித்தான்.

ஆட்டத்துக்கு ஆட்டம் கன்ட்ரோலர் மாறும் இல்லையா. போன ஆட்டத்தில் நான் முங்கினேன், இந்த ஆட்டம் அவன் முறை. நான் அசையாமல் நின்றேன். அவன் மறு லைஃபில் இறங்கி வந்தும் எனக்கு விரல் ஓடவில்லை. வடக்கு வீதிப் பையன்தான், சத்தியமாக அங்கே ஆடியவன்தான். ஆனால் எவன்? அவனும் அடிக்கவில்லை. இரண்டு பேரும் மேடையின் இரண்டு பக்கத்திலும் சும்மா நின்றோம். திரையின் மூலையில் எழுத்து வந்ததற்கான அடையாளம் மினுங்கியது.

தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டியிருந்தான். "இப்பதான் ஞாபகம் வந்திச்சா மச்சான்?"

மனைவியைக் கூப்பிட்டேன். வந்தாள், படித்தாள், என் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன்.

"எப்புட்றா கண்டுபுடிச்ச?"

"மொத வாரமே தெரியும். உன் குண்டன் தலய ஆட்டனான். ஆட்டிட்டு விளிம்புல உருண்டான். ரெண்டையும் ஒண்ணா பண்றவன் நீ ஒருத்தன்தான்."

மனைவி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. முதல் வாரமே தெரிந்தும் இவன் எட்டு வெள்ளிக்கிழமை எதற்கு வந்து நின்றான் என்று யோசித்தேன். யோசிக்க ஒன்றுமில்லை. அன்றைக்குக் கடலூரில் எதற்கு நின்றானோ அதற்குத்தான். மறுபடி தட்டினேன். இதைத் தட்ட முன்னதைவிட நேரம் ஆயிற்று.

"அன்னிக்கும் மறக்கல மச்சான். வேணும்னுதான் பண்ணேன்."

மணி பன்னிரண்டு இருபத்தைந்து. பதில் வரவில்லை. கழுகு மூஞ்சிக்காரன் அங்கேயே நின்றான். பன்னிரண்டரை ஆயிற்று, தாண்டியது. இந்த எட்டு வாரத்தில் பன்னிரண்டரையைத் தாண்டி அவன் இருந்ததே இல்லை. போய்விட்டானோ, பெட்டியை அணைக்காமல் எழுந்துவிட்டானோ என்று நினைத்தபோது வந்தது.

"அது பஸ்லயே தெரியும். தொழுகைக்கு நேரமாச்சி, போறேன். அடுத்த வெள்ளிக்கெழம மொத ஆட்டம் முங்கறது நீ. மறந்துடாத."